எலும்புக்கு எப்படித் தெரியும்?

1736-இல் லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், சீட்டித் துணி அச்சிடும் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். தட்டில் வந்த பன்றிக்கறியில் எலும்பு மட்டும் சிவந்திருந்தது. கறியில் அந்த நிறம் இல்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. சாயப் பட்டறையில் மஞ்சிட்டி வேர்ச்சாயம் ஏற்றிய துணியைத் தவிட்டோடு போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். மிஞ்சிய தவிடு பன்றிகளுக்குத் தீனி. சாயம் வயிற்றுக்குள் போய், மற்ற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு எலும்பில் படிந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்துவிட்டு மறந்துபோயிருக்கலாம். பெல்ச்சியர் சேவல்களுக்கு அதே சாயத்தைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் எலும்பும் சிவந்தது. சில ஆண்டுகளில் பிரான்சில் துயமெல் துய் மொன்சோ என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். விலங்குகளுக்குச் சாயத்தைச் சில வாரம் கொடுப்பார், சில வாரம் நிறுத்துவார், மறுபடி கொடுப்பார். எலும்பைக் குறுக்கே அறுத்தால் மரத்தின் ஆண்டு வளையம் போலச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறித் தெரிந்தன. சாயம் கொடுத்த நாட்களில் உருவான எலும்பு சிவப்பு. கொடுக்காத நாட்களில் உருவானது வெள்ளை.

எலும்பு, தசை, மூட்டு பற்றிய ஆராய்ச்சியை ஒருவருக்கு முதன்முதலாக விளக்க வேண்டுமென்றால் நான் இங்கேதான் தொடங்குவேன். நாம் கண்ணால் பார்க்கிற எலும்பெல்லாம் செத்த எலும்பு. அதனால் அதைக் கல் மாதிரி, வீட்டுத் தூண் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உடம்புக்குள் இருக்கும் எலும்பு அப்படியில்லை. அது தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது.

பெல்ச்சியரின் சாய வித்தை இன்றும் வேறு உருவத்தில் நடக்கிறது. டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, புதிதாக உருவாகும் எலும்பில் ஒட்டிக்கொள்ளும். புற ஊதா ஒளியில் அது மஞ்சளாக ஒளிரும். ஒருவருக்கு அந்த மருந்தைச் சில நாள் கொடுத்து, சில நாள் இடைவெளி விட்டு, மீண்டும் கொடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு ஒளிக்கோடுகள் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை இடைப்பட்ட நாட்களால் வகுத்தால் எலும்பு கட்டப்படும் வேகம் வந்துவிடும். வளர்ந்தவர்களுக்கு அது நாளொன்றுக்கு ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த முறையை 1960-களில் வளர்த்தெடுத்தவர் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர்.

இடிப்பதும் கட்டுவதும் இரண்டு வகை செல்களின் வேலை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பது இடிக்கும் செல். ரத்த அணுக்களின் வம்சத்தில் பிறந்து, பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவாகும் பெரிய செல் அது. எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, அமிலத்தைச் சுரந்து தாது உப்பைக் கரைக்கும். நொதிகளால் கொலாஜன் என்ற புரத நாரை அரிக்கும். மூன்று வாரம் போல இந்த வேலை நடந்து ஒரு சிறு குழி விழும். பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற கட்டும் செல்கள் கூட்டமாக வந்து, முதலில் கொலாஜனை விரித்து, அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படியச் செய்யும். இடிக்க வாரங்கள் போதும். கட்டி முடிக்க மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இந்த வேக வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

சரி, எங்கே இடிக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று இந்தச் செல்களுக்கு யார் சொல்கிறார்கள்?

பாரந்தூக்கியும் தொடையெலும்பும்

1866-இல் ஜூரிச்சில் கார்ல் குல்மன் என்ற பொறியாளர், ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறு அறிஞர் வரைந்திருந்த தொடையெலும்புப் படங்களைப் பார்த்தார். தொடையெலும்பின் மேல் முனையை நெடுக்கே பிளந்தால் உள்ளே கடற்பஞ்சு போன்ற எலும்பு வலை இருக்கும். அந்த வலையின் இழைகள் கன்னாபின்னாவென்று ஓடவில்லை, வளைந்து வளைந்து ஒழுங்காக ஓடின. குல்மன் அப்போது வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் சுமை எந்தத் திசையில் இறங்குகிறது என்று கோடு போட்டுக் கணக்குப் பார்ப்பவர். இரண்டு படங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன.

இதைப் பிடித்துக்கொண்ட பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப், எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்று 1892-இல் ஒரு நூலே எழுதினார். ‘வொல்ஃப் விதி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன கணிதம் பெரும்பாலும் தவறு. இழைகள் பொறியாளரின் கோடுகளை அவர் சொன்ன அளவுக்கு அச்சாகப் பின்பற்றுவதில்லை. கணக்கு பொய்த்தும் கருத்து நின்றது. இந்தத் துறையில் இப்படி அடிக்கடி நடக்கும்.

கருத்து சரிதானா என்று மனிதரிடம் சோதிப்பது எப்படி? நூறு பேரைக் கூட்டி வந்து, பாதிப் பேரை இருபது ஆண்டு பளு தூக்கச் சொல்லி, மீதிப் பேரைச் சும்மா உட்காரச் சொல்ல முடியாது. உழைப்பவரையும் உழைக்காதவரையும் அப்படியே ஒப்பிட்டால் உணவு, மரபணு, வயது எல்லாம் நடுவில் புகுந்து குழப்பும். இதற்கு டென்னிஸ் வீரர்கள் வழி காட்டினார்கள். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே பெற்றோர் கொடுத்த மரபணு. மட்டை பிடிக்கும் கை ஒன்று, பிடிக்காத கை ஒன்று. 1977-இல் வெளியான ஆய்வில் தொழில்முறை வீரர்களின் இரண்டு மேற்கை எலும்புகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். மட்டை பிடிக்கும் கையில் எலும்புச் சுவரின் தடிமன் ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் கூடுதல். எனக்குத் தெரிந்த அழகான ஆய்வு வடிவங்களில் இது ஒன்று. ஒப்பிடுவதற்கான ஆள் வேறெங்கும் இல்லை, அதே ஆளின் மறுகையிலேயே இருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான சோதனை விண்வெளியில் நடக்கிறது. அங்கே உடம்புக்குச் சுமையே கிடையாது. விண்வெளி நிலையத்தில் மாதக் கணக்கில் தங்கியவர்களுக்கு இடுப்புப் பகுதி எலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை குறைந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஓர் ஆண்டில் குறைவதற்கு நெருக்கமான அளவு இது. அதிலும் சுமையை அதிகம் தாங்கிப் பழகிய கால், இடுப்பு எலும்புகள்தான் கூடுதலாகக் கரைகின்றன. கை எலும்பு அவ்வளவு மாறுவதில்லை. இதனால்தான் அங்கே பளுப்பயிற்சிக் கருவிகளை வைத்து நாள் தவறாமல் உடற்பயிற்சி செய்கிறார்கள். பூமிக்குத் திரும்பி ஓராண்டு ஆன பின்பும் பலருக்குக் காலெலும்பு பழைய நிலைக்கு வரவில்லை என்று 17 விண்வெளி வீரர்களைத் தொடர்ந்து கவனித்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. இடிப்பது வேகம், கட்டுவது மெதுவு என்றேனே, அந்தக் கணக்குத்தான் இங்கே தெரிகிறது.

எவ்வளவு சுமை, எத்தனை தடவை

சுமை வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. எந்த மாதிரிச் சுமை என்ற கேள்விக்கு 1980-களில் லான்ஸ் லான்யன், கிளின்டன் ரூபின் இருவரும் பறவைகளின் இறக்கை எலும்பில் விடை தேடினார்கள். எலும்பின் இரு முனைகளையும் வழக்கமான அசைவிலிருந்து துண்டித்துவிட்டு, கருவி கொண்டு அளவான சுமையைக் கொடுத்தார்கள். ஒன்றுமே கொடுக்காத எலும்பு மெலிந்தது. நாளுக்கு நான்கே நான்கு தடவை அழுத்தினால் மெலிவு நின்றது. 36 தடவை அழுத்தினால் எலும்பு வளர்ந்தது. 1,800 தடவை அழுத்தினால்? 36 தடவைக்குக் கிடைத்ததற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. சுமையை வைத்து அசையாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் எலும்பு அதைக் கண்டுகொள்வதில்லை. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். எலும்பு நிலையான பாரத்தைக் கேட்பதில்லை, மாற்றத்தைத்தான் கேட்கிறது. அதுவும் சீக்கிரம் சலித்துவிடும். பின்னாளில் எலிகளிடம் செய்த சோதனையில், 360 அழுத்தங்களை ஒரே மூச்சில் கொடுத்ததைவிட 90, 90-ஆக நான்கு வேளைக்குப் பிரித்துக் கொடுத்தபோது எலும்பு வலுவானது. நடுவில் ஓய்வு கொடுத்தால் செல்களின் காது மறுபடி கூர்மையாகிறது.

யாருடைய காது? இங்கேதான் மூன்றாவது வகை செல் வருகிறது. எலும்பு கட்டும்போது சில ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள் தாங்கள் கட்டிய சுவருக்குள்ளேயே புதைந்துவிடும். அப்படிப் புதைந்தவற்றுக்கு ஆஸ்டியோசைட் என்று பெயர். நெடுங்காலம் இவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை, வேலை முடிந்து ஓய்வெடுக்கும் செல்கள் என்றே நினைத்தார்கள். உண்மையில் எலும்புச் செல்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இவைதான். ஒரு மனித உடம்பில் சுமார் 4,200 கோடி இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. ஒவ்வொன்றும் மயிரிழையினும் மெல்லிய கால்களை நுண்ணிய கால்வாய்கள் வழியே நீட்டி, பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

நாம் நடக்கும்போது எலும்பு கொஞ்சம் வளைகிறது. மிகக் கொஞ்சம்: வேகமாக ஓடினால்கூட, ஒரு மீட்டர் நீளமுள்ள எலும்பு இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம் மாறும் அளவு. அந்த வளைவில் கால்வாய்களுக்குள் இருக்கும் நீர் இப்படியும் அப்படியும் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைத்தான் ஆஸ்டியோசைட் உணர்கிறது என்பது இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். அசையாத சுமைக்கு எலும்பு ஏன் பதில் சொல்வதில்லை என்பதும் இதில் புரிந்துவிடும். வளைத்தே வைத்திருந்தால் நீர் ஒருமுறை நகர்ந்ததோடு சரி.

சிலருக்கு எலும்பு நிற்காமல் வளர்ந்தது

உணர்ந்ததை ஆஸ்டியோசைட் எப்படி மற்ற செல்களுக்குச் சொல்கிறது என்பதற்கான துப்பு, ஓர் அரிய நோயில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் மக்களிடையே ஸ்க்லெரோஸ்டியோசிஸ் என்ற பரம்பரை நோய் உண்டு. எலும்பு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும். தாடை பெரிதாகும், முகத்தின் நரம்புகள் எலும்புக்கு நடுவே நசுங்கும், மண்டை ஓடு தடித்து மூளையை அழுத்தும். துன்பமான நோய். ஆனால் அவர்களுக்கு எலும்பு முறிவது மிக அரிது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் குறையுள்ள மரபணுவைப் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, எலும்பு மட்டும் கொஞ்சம் கூடுதல் அடர்த்தி.

2001-இல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. அது ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைத் தயாரிக்கும் மரபணு. அதைச் சுரப்பவை ஆஸ்டியோசைட்டுகள். ‘கட்டியது போதும்’ என்று ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளுக்குக் கடிவாளம் போடுவது அதன் வேலை. நோயாளிகளின் உடலில் அந்தக் கடிவாளம் இல்லை. 2008-இல் எலிகளிடம் பார்த்தபோது படம் முழுமையானது: எலும்பின் மேல் சுமை ஏற்றினால் சுமை அதிகம் விழும் இடங்களில் ஸ்க்லெரோஸ்டின் குறைகிறது, பின்னங்கால்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்தால் கூடுகிறது. வொல்ஃப் தேடிய விடை ஏறக்குறைய இதுதான். நடந்தால் கடிவாளம் தளர்கிறது, படுத்தால் இறுகுகிறது.

மருந்து செய்ய இது போதும். ஸ்க்லெரோஸ்டினைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதம் ஒன்றைத் தயாரித்தார்கள். ரோமோசோசுமாப் என்பது பெயர். 2017-இல் வெளியான சோதனையில், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோயுள்ள 4,093 பெண்களில் ஒரு பாதிக்கு முதல் ஆண்டு இந்த மருந்தும் மறுபாதிக்கு அலெண்ட்ரோனேட் என்ற பழைய மருந்தும் தந்து, பிறகு எல்லாருக்கும் பழைய மருந்தையே கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் புதிய மருந்துக் குழுவில் முதுகெலும்பு முறிவு 48 சதவீதம் குறைவு. அதே சோதனையில், முதல் ஆண்டில் கடுமையான இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் பழைய மருந்துக் குழுவில் 1.9 சதவீதமும் புதிய மருந்துக் குழுவில் 2.5 சதவீதமும் இருந்தன. 2019-இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய கடும் எச்சரிக்கையும் உடன் வந்தது. மரபணு நோயாளிகளைக் கவனித்ததில் தொடங்கி எலி, ஆய்வகம், ஆயிரக்கணக்கான பெண்கள் என்று பதினெட்டு ஆண்டுப் பயணம். அதன் முடிவில் கிடைத்த பதில்கூட ‘ஆம், ஆனால்’ என்றுதான் வந்தது.

அடர்த்தி என்பது வலிமை அல்ல

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘எலும்புத் தேய்மானம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு நோய்களைக் குறிக்கிறது. மூட்டில் உள்ள குருத்தெலும்பு கெட்டு வலிப்பது மூட்டுத் தேய்மானம். எலும்பு உள்ளுக்குள் மெலிந்து, ஓட்டை பெருகி, லேசாக விழுந்தாலும் முறிவது எலும்புப்புரை. முதலாவது வலிக்கும். இரண்டாவது முறியும்வரை பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து அடர்த்தி பார்க்கிறார்கள். இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று திட்ட விலக்கக் கணக்கில் சொல்லும் எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது 1994-இல் உலக சுகாதார நிறுவனக் குழு வகுத்த எல்லை.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஃபுளோரைடு எலும்பு கட்டுவதைத் தூண்டும் என்று தெரிந்து, 202 பெண்களிடம் நான்கு ஆண்டு சோதனை நடத்தினார்கள். 1990-இல் முடிவு வெளியானது. ஃபுளோரைடு சாப்பிட்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. எந்த மருத்துவரும் துள்ளிக் குதிக்கும் எண். ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லும்படியாகக் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 24, ஃபுளோரைடு குழுவில் 72. எலும்பு நிறையச் சேர்ந்தது, சேர்ந்தது நல்ல எலும்பாக இல்லை. சோதனை வெறும் மாத்திரைக் குழு இல்லாமல் நடந்திருந்தால், அல்லது முறிவை எண்ணாமல் அடர்த்தியோடு நிறுத்தியிருந்தால், இந்த மருந்து பல ஆண்டு உலகெங்கும் புழங்கியிருக்கும். எலும்பு ஆய்வுச் செய்தி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: அளந்தது அடர்த்தியையா, முறிவையா?

அந்தக் கேள்வியோடு உடற்பயிற்சி ஆய்வுகளைப் பார்த்தாலும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் சோதனையில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு குழு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், மேற்பார்வையில் நல்ல கனமான பளுவைச் சில தடவை தூக்கியது. குதித்து இறங்கும் பயிற்சியும் உண்டு. மற்றக் குழு வீட்டில் லேசான பயிற்சி செய்தது. எட்டு மாதத்தில் முதல் குழுவின் இடுப்புத் தண்டுவட எலும்பு 2.9 சதவீதம் அடர்ந்தது, இரண்டாவது குழுவில் 1.2 சதவீதம் குறைந்தது. வயதான எலும்பு மென்மையான பயிற்சியைத்தான் தாங்கும் என்ற பழைய எண்ணத்துக்கு இது நல்ல அடி. பறவை இறக்கையும் எலிகளும் சொன்ன அதே செய்தி: அதிக சுமை, குறைந்த தடவை, நடுவில் ஓய்வு. நீச்சல் இதயத்துக்கு நல்லது, எலும்பை அவ்வளவாக வளர்ப்பதில்லை. தண்ணீர் நம் எடையை வாங்கிக்கொள்கிறதே. ஆனால் 101 பேரை எட்டு மாதம் பார்த்து முறிவு குறையுமா என்று சொல்ல முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கானவர்களும் பல ஆண்டுகளும் வேண்டும்.

தசையின் கதை இதைவிட நல்ல செய்தி. 1994-இல் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 87 ஆன நூறு பேரிடம் நடந்த சோதனையில், பத்து வாரப் பளுப்பயிற்சி பெற்றவர்களின் கால் தசை வலு இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. தசை எந்த வயதிலும் பாடம் கேட்கிறது.

குருத்தெலும்பும் தசைநாணும் வேறு குணம். அவை தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றனவா என்று தெரிந்துகொள்ள அணுகுண்டு உதவியிருக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்த வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் உடம்பில் உருவான எதிலும் அந்த ஆண்டின் முத்திரை விழுந்திருக்கும். பெல்ச்சியரின் சாயம் மாதிரியேதான், இங்கே பன்றிகளுக்குப் பதில் மனித குலமே சாயம் தின்றது. 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் உட்பகுதியை அளந்து பார்த்தார்கள். அதில் இருந்தது அவரவரின் பதினேழு வயது வரையிலான காலத்து முத்திரை. அதன் பின் அங்கே புதிதாக ஒன்றும் கட்டப்படவில்லை என்று அர்த்தம். 2016-இல் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனிலும் ஏறக்குறைய அதையே கண்டார்கள்.

எலும்பு முறிந்தால் தழும்பு தெரியாமல் கூடுகிறது, குருத்தெலும்பு கெட்டால் கெட்டதுதான் என்ற வித்தியாசத்துக்கு இது பெரிய காரணம். ஓடினால் முழங்கால் தேயும் என்ற பயமும் இங்கிருந்து வருவதுதான். 2017-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2 சதவீதம், போட்டிகளுக்காக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று இதைப் படித்துவிட வேண்டாம். மூட்டு வலிக்காதவர்கள்தானே தொடர்ந்து ஓடுவார்கள், வலி வந்தவர்கள் ஓடாதவர் பட்டியலுக்கு வந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய டென்னிஸ் வீரரின் இன்னொரு கை மாதிரி ஒன்று வேண்டும். ஒரு காலால் மட்டும் ஓடுகிறவர் கிடைப்பதில்லை.